முப்பத்தேழாம் எண் குப்பி

பருத்திப்பட்டு, ஆவடி
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பாவும் நானும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இந்த உறையைப் பிரிக்கும்வரையாவது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுவதற்காக நான் விஷயத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழை இரண்டு நாளாக விட்டிருக்கிறது. சென்னீர்குப்பத்தில் வண்டிகள் நகர்வதேயில்லை, கல்லூரிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

என்னிடம் ஆய்வு செய்யும் அருள்மொழி சென்ற மாதம் நம் முப்பத்தேழாம் எண் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஆலைக்கழிவின் நஞ்சை முறிக்கும் மரபணு நம் ஏரி மண்ணில் தானாகவே பரவியிருக்கிறது என்று நான் கட்டுரை எழுதினேனே, நீ உன் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரியிலேயே மேற்கோள் காட்டினாயே, உன் ஆய்வுக்கென்று ஒரு குப்பி அனுப்பினேனே, அதே பாக்டீரியா. அந்த மரபணுவின் இரு பக்கமும் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டிய தடயம் இருக்கிறது. அது ஏரியில் கிடைத்தது இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வெளியிலிருந்து வாங்கி வைத்திருந்தது. அன்று மரபணுவை மட்டும் படித்தோம், அதற்கு அக்கம்பக்கம் படிக்க எங்களிடம் வசதி இல்லை.

எப்படி மாறியது என்று எனக்குப் பத்து நாள் புரியவில்லை. கடைசியில் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேம்புலியம்மாள்தான் சொன்னார். பெருவெள்ளத்தின்போது நாலு நாள் கரண்ட் இல்லாமல் உறைபெட்டி உருகியதும், அவர் மண்ணூர்பேட்டையிலிருந்து மீன் பெட்டியில் ஐஸ் கொண்டுவந்ததும், குப்பிகளை அதில் புதைத்து வைத்ததும் எனக்கும் நினைவிருக்கிறது. மூடிமேல் எழுதியிருந்த எண்கள் ஈரத்தில் கலைந்துபோனது மறந்துவிட்டது. "நம்பர் எல்லாம் அழிஞ்சி பூட்ச்சி மேடம், நீங்கதானே குந்திகினு மறுபடி எழுதினீங்க, நான் இன்னாத்தக் கண்டேன், எல்லாம் ஒரே மாரி தண்ணியாத்தான் இருந்துச்சு" என்றார். ஆமாம், நான்தான் எழுதினேன். அடுக்கில் எது எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருப்பதாக நம்பினேன். பிறகு கட்டுரை எழுதியதும் அந்த எண்களின்படிதான். மாணவர்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் அத்தனையையும் கொட்டச் சொல்லியிருப்பேன்.

உண்மையான ஏரிப் பாக்டீரியா முப்பத்தெட்டில் இருந்திருக்க வேண்டும். வளர்த்துப் பார்த்தோம், உயிர் இல்லை. ஏரிக்கரையில் இப்போது நடைபாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று முறை போய் மண் எடுத்து வந்தோம், அதிலும் ஒன்றும் இல்லை. இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள் என்னை மேற்கோள் காட்டியிருக்கின்றன, அந்த எண்ணை வைத்துத்தான் எனக்குப் பேராசிரியர் பதவியே கொடுத்தார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் பாதிப் பேர் கவனிக்காமல் தொடர்ந்து மேற்கோள் காட்டுவார்கள். அவர்களை நினைத்துக்கூட நான் அவ்வளவு வருந்தவில்லை. வேறு யார் அனுப்பிய குப்பியாக இருந்தாலும் நீ முதல் வாரமே சோதித்திருப்பாய். அம்மா அனுப்பியது என்று சோதிக்கவில்லை. மூன்று வருடம் போய்விட்டது.

அப்பாவிடம் சொன்னேன். ஆறு மாதம் பொறுத்துக்கொள், பெண் பட்டம் வாங்கிவிடட்டும், அதற்குப் பிறகு ஆய்விதழுக்கு எழுதினால் என்ன குடிமுழுகிவிடும் என்றார். தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர் நீங்கள், தவறான பாகத்துக்கு முத்திரை குத்திவிட்டோம் என்று தெரிந்தால் ஆறு மாதம் பொறுப்பீர்களா என்று கேட்டேன். அவர் தயிர் வாங்கக் கிளம்பினார், வெகுநேரம் கழித்துத் தயிர் இல்லாமலேயே திரும்பி வந்தார். அவர் கேட்டதை நான் நினைக்காமல் இல்லை. வேம்புலியம்மாள் சொல்லி எல்லாம் தெரிந்த பிறகும் பதினோரு நாள் உன்னிடம் சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபதாம் தேதி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதுகிறேன். அதற்குள் உன் பேராசிரியரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, பிறர் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. என் கடிதத்தையும் காட்டு. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, நல்லதாக எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. உன் முடிவுகளில் எது மிஞ்சும் என்று இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஆய்வு முறைகளைப் பற்றிய ஓர் அத்தியாயம் மிஞ்சலாம். அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அப்பாவுக்காவது போன் செய். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் வந்துவிடு, இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. கோபத்தில் அந்தக் குப்பியை எறிந்துவிடாதே. மூடிமேல் இருக்கும் முப்பத்தேழு என் கையெழுத்து. அதை அடித்துவிட்டு, அது உண்மையில் எதுவோ அதை உன் கையால் எழுதி வை.

இப்படிக்கு,
உன் அம்மா
கஸ்தூரி