எருமைக் கொட்டகையும் ஏரிக் கமிட்டியும்

கோவில்பதாகை,
11-9-1988, ஞாயிறு.

அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

மாதா துணையால் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்குக் காலைப் பூசையிலும் வேண்டிக்கொண்டு வந்தேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப் போகிறேன். உன் கடிதம் மாதா பிறந்தநாள் அன்றைக்குக் கைக்கு வந்தது. நைட் டியூட்டிக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்று என்னமோ பெருமை போல எழுதியிருக்கிறாய், அது வயிறா இல்லை ஓட்டைப் பானையா? மஸ்கட்டில் இட்லிக்கு எங்கே போவது என்பாய், ரொட்டியாவது இரண்டு தின்றுவிட்டுப் போ. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற நர்ஸ் மயங்கி விழுந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அப்படியே கஸ்தூரியின் மூக்கு. பாவம் குழந்தை.

போன வருஷம் நம் தெருவில் சாணத்திலிருந்து கேஸ் எடுத்து அடுப்பு எரிக்கிறோம் என்று எழுதினேனே, நீகூடச் சிரித்து எழுதியிருந்தாய். வேம்புலியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டித் தொட்டி கட்டி, அவளுடைய எருமைகள் போடுகிற சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே இரும்பு மூடி கவிழ்த்து, அதிலிருந்து நாலு வீட்டுக்கும் அவள் குடிசைக்கும் குழாய் இழுத்தது உன் அப்பாதான். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான மனுஷர் சும்மா இருப்பாரா? நாலு வீட்டு ஆண்களும் பெண்களும் கூடவே மண் சுமந்தோம். முதல் நாள் நீலமாகத் தீ எரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீ பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உனக்கே தெரியும். மரத்தூள் அடுப்பைக் கெட்டித்துக் கெட்டித்துப் புகையைத் தின்றவள் நான், ராத்திரி படுத்தால் நெஞ்சில் விசில் ஊதும். இந்த ஒரு வருஷமாக இருமல் இல்லை, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நின்று சண்டை போடுகிற வேலையும் இல்லை. தொட்டியிலிருந்து வழிகிற கரைசலை வெயிலில் காயவைத்து வேம்புலியம்மாள் உரமாக விற்றுக்கொள்கிறாள். அவள் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை, பாலில் தண்ணீர் ஊற்றுவாள், கேட்டால் எருமை நிறையத் தண்ணி குடிச்சிட்சி என்பாள். ஆனால் புருஷன் போன பிறகு அந்த எருமைகளை வைத்துத்தான் அவள் காலம் தள்ளுகிறாள்.

இப்போது ஏரி விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் மீன்கள் செத்து வெள்ளையாக மிதந்ததை எழுதியிருந்தேன். மேற்குக் கரையில் இருக்கிற முலாம் பூசும் பட்டறையிலிருந்து கழிவுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரியில் விழுகிறது, நம் கிணற்றுத் தண்ணீரே துரு வாடை அடிக்கிறது, காப்பி வைத்தால் ஆணியை ஊறவைத்துக் குடிப்பது போல இருக்கிறது. அதற்காகத்தான் ஏரிப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஆரம்பித்தார்கள். அப்பா தலைவர், கோடி வீட்டுக் கலியமூர்த்தி செயலாளர். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளினார்கள், உன் அப்பா இடுப்பளவு சேற்றில் நின்றார், வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத மகராசன். எத்தனையோ தடவை அலைந்த பிறகு போன மாதம் பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். பட்டறை பக்கம் எட்டிப் பார்த்தவர், திரும்பி வரும்போது வேம்புலியம்மாள் எருமையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். முதலில் உங்கள் ஆட்கள் அசுத்தம் பண்ணுவதை நிறுத்துங்கள், மாட்டுக் கொட்டகையை எடுங்கள், அப்புறம் பட்டறையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்.

கமிட்டி கூடியது. கலியமூர்த்தி, கொட்டகையை எடுத்துடலாம், நம்ம மேல ஒரு குத்தம் சொல்ல எடம் குடுக்கக்கூடாது என்றாராம். அவருக்கென்ன, அவர் வீட்டில் சிலிண்டர் இருக்கிறது. உன் அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறார்! சாணி முழுக்க நம்ம தொட்டிக்குத்தானே வருது, ஏரிக்கு எங்கே போகுது, நீங்களே கட்டின தொட்டியை நீங்களே பட்டினி போடுவீங்களா என்று கேட்டேன். அதற்கு அவர், ஞானம், நம்ம கை சுத்தமா இருந்தாதான் பட்டறைக்காரன் கையைப் பிடிக்க முடியும், அடுப்பு பெருசா ஏரி பெருசா, நான் வேணா விறகு வெட்டிப் போடுறேன் என்றார். அவர் பொய்க்குச் சொல்லவில்லை பிலோ, அதுதான் எனக்கு வேதனை. அந்த அதிகாரி சொன்னதை வேதவாக்காக நம்புகிறார். இந்த மனுஷருக்கு ஆபீஸ் முத்திரை குத்தின காகிதம் என்றால் கண் தெரியாது. கொட்டகை போன பிறகு அந்த ஜீப் இந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

கொட்டகை நிற்கிற இடத்துக்கு அவளிடம் பட்டா கிடையாது, அதனால் கமிட்டி எழுதிக் கொடுத்ததும் ஆபீஸிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் அவள் நம் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை. இன்னாம்மா இது, உன் ஊட்டு அடுப்பு எரியறதுக்கு என் எருமை வோணும், என் எருமை நிக்கறதுக்கு மட்டும் எடம் கெடையாதா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். ஏரில எறக்க வேணாம்னா எறக்கல, ஒரு கொழா போட்டுக் குடு, கொட்டாயிலயே கயுவிக்கிறேன், பத்திகினு போன்னா நான் எங்க போவேன் என்றாள். அப்பா உள்ளே பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கமும் திருப்பவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் கேட்டதில் என்ன தப்பு? பட்டறைக்காரனிடம் கேட்க முடியாததை இவளிடம் கேட்கிறார்கள், இவளுக்குக் கேட்க நாதியில்லை என்பதால்தானே.

அவள் போன பிறகு, குழாய் போட்டுக் கொடுத்தால் முடிகிற காரியம்தானே, நீங்கள்தானே ஃபிட்டர் என்று கெஞ்சிப் பார்த்தேன். தீர்மானம் போட்டாச்சு, தலைவனே மாத்திப் பேசினா நாளைக்கு எவன் மதிப்பான் என்றார். பேச்சு வளர்ந்து என்னென்னவோ சொல்லிக்கொண்டோம், அதையெல்லாம் உனக்கு எழுதமாட்டேன். அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. பூசைக்குக்கூட முன்னாலேயே தனியாகப் போய்விட்டார். மத்தியானம் மீன் குழம்பு வைத்தும் ரசத்தோடு எழுந்துவிட்டார்.

நாளைக் காலையில் கொட்டகையைப் பிரிக்கவும், எருமைகளை மாடு அடைக்கிற பட்டிக்கு ஏற்றிப் போகவும் வண்டியோடு ஆட்கள் வருகிறார்கள். கமிட்டித் தலைவர் என்று உன் அப்பாவும் அவர்களோடு வருவார். பிலோ, அப்போது நான் அந்தக் கொட்டகைக்குள் எருமைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். வேம்புலியம்மாளிடம் சொல்லிவிட்டேன், அவள் நம்பாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கஸ்தூரியையும் கூப்பிட்டேன், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், அவள் வராவிட்டாலும் நான் போவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் எவ்வளவு வாயாடியிருந்தாலும் வாசலுக்கு வெளியே உன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்கு ஊர் பார்க்க அவரைத் தலைகுனிய வைக்கப் போகிறேன். போகாமல் வீட்டில் இருந்துவிட்டால், அந்த நீலத் தீயில் நான் சமைத்துத் தின்ற சோற்றுக்கு என்ன அர்த்தம்? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ பயந்துகொண்டு டிரங்க் கால் போடாதே, வீண் செலவு. உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, தூங்கும் முன் ஒரு அருள் நிறைந்த மந்திரமாவது சொல். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பார். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன், உனக்குத் தருவதற்கு அவரைக் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அம்மா செய்தது தப்பு என்று எழுதினாலும் பரவாயில்லை, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். அவர் பக்கமும் நம் வீட்டில் ஒரு ஆள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானம்மாள் இக்னேஷியஸ்