ஜாமீன் கையெழுத்து என்னுடையது

1994, செவ்வாய் இரவு

இன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் ஃபைனான்ஸ் ஆபீசுக்கு நானே போய்விட்டேன். விபத்தில் நொறுங்கிய எங்கள் டாக்ஸியைப் பழுதுபார்க்க வந்த இன்ஷூரன்ஸ் பணத்தை, இன்னும் நாள் வராத கடன் தவணைகளுக்கு அவர்களே வரவு வைத்துக்கொண்டார்கள். வண்டி பொழிச்சலூர் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கிறது. அது ஓடினால்தானே வீட்டில் அடுப்பெரியும்?

மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா. லேடீஸ்கிட்ட இதெல்லாம் பேச முடியாது."

"அவருக்குக் கால்ல மாவுக்கட்டு சார். ஜாமீன் கையெழுத்து போட்டது நான். அவர் கட்டலைன்னா என்னைத்தானே தேடி வருவீங்க? அன்னிக்கு மட்டும் நான் லேடீஸ் இல்லையா?"

பக்கத்து மேஜை கிளார்க் சிரித்துவிட்டார். மேனேஜருக்கு முகம் சிவந்தது. "உட்காருங்க மேடம்" என்றார்.

பாப்பாவைச் சுமந்து இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, உட்காரச் சொன்னார். கடைசியில், ஒர்க்‌ஷாப் பில்லைக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தை ஒர்க்‌ஷாப்காரருக்கே செக்காகக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். நாளைக்கே பில்லோடு போய் நிற்பேன். பேச்சு மாறினால்... மாறட்டும், மறுபடியும் போவேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. "தனியாவா போனே?" என்று கத்துவார். பாப்பாவும் வந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.