தினமும் ஓட்ட வேண்டிய பிரிண்டர்

மார்ச் 4

வெள்ளை ரோஜா கேட்டவருக்கு மஞ்சள் போயிருக்கிறது. பூக்காத செடியைப் பார்த்து யார் நிறம் சொல்வது? தொட்டியில் நான் எழுதிச் செருகிய சீட்டு எனக்கே படிக்க வரவில்லை.

சாயங்காலம் ஹோட்டல் மேலாளர் வந்தார். மொத்தச் செடியும் என் நர்சரியிலேயே எடுக்கத் தயாராம். "ஆனா ஒவ்வொரு தொட்டியிலயும் பேரு, தண்ணி, வெயில் எல்லாம் அச்சடிச்சு இருக்கணும். எங்க ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க." மாதக் கடைசிக்குள் வேண்டும். ஆக, ஒரு பிரிண்டர்.

மார்ச் 5

பிரிண்டர் கடைக்காரர் சுருக்கமாக விளக்கிவிட்டார். லேசர் என்றால் விலை கூட, கறுப்பு மட்டும், மாதக்கணக்கில் தொடாமல் கிடந்தாலும் தட்டினால் அச்சடிக்கும். மை ஊற்றுகிற வகையில் வண்ணம் வரும், விலையும் குறைவு. "ஆனா சும்மா போட்டு வெச்சா மை காஞ்சு அடைச்சுக்கும்க்கா. தினமும் நாலு பக்கமாவது ஓட்டணும்."

லேசரையே கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். தினமும். அதற்குத் தினமும் ஓர் ஆள் வர வேண்டுமே. வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்.

மார்ச் 6

இவர் வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடியதிலிருந்து நாற்காலியும் ஜன்னலும்தான். நர்சரிக்கு வாங்களேன் என்றால் ஒரே பதில்: "உனக்குக் கீழ கைகட்டி நிக்கச் சொல்றியா?" கோபமாகக்கூடச் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மனிதர் சுருங்கிக்கொண்டே போகிறார். "எங்க அண்ணன் பேசறதே கேக்கல அண்ணி, போன்ல கோளாறா?" என்று நாத்தனார் கேட்கிறாள்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் போட்டேன்: "இந்த மெஷின் சமாச்சாரம் எனக்குப் பிடிபடல. நீங்களே பாத்து ஒண்ண முடிவு பண்ணுங்களேன்."

மார்ச் 9

ஒரே ஆராய்ச்சி. கடைசியில், "லேசர்தான்" என்றார். போச்சு.

"கலர் வேணும்ங்க. பூப்படம் இருந்தாத்தான் கண்ணுல படும்."

"அப்ப மை ஊத்துறதுதான். ஆனா தினமும் ஓட்டணுமே."

"அய்யோ, எனக்கு ஏது நேரம்?" முகத்தை நன்றாகவே தொங்கப்போட்டேன்.

"நான் பாத்துக்கறேன். வீட்டுலயே வெச்சுடலாம்."

வீட்டிலா? கெட்டது குடி.

மார்ச் 10

பேரம். வீட்டில் இடமில்லை என்றேன், மேஜையைக் காலி செய்தார். சத்தம் வரும் என்றேன், கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றார். "செடியப் பாக்காம பேர் அடிச்சா மறுபடியும் மஞ்சள்தான் போகும்" என்றேன். நர்சரி முன்னறையில் வைத்தாயிற்று.

மார்ச் 17

வருகிறார். "மெஷினுக்காக வரேன், உனக்காக இல்ல." சரி சாமி.

லேபிள்கள் கண்ணைப் பறிக்கின்றன. இன்று என்மேலேயே பாய்ந்தார்: "இதுக்கு வெயில் வேணுமா வேண்டாமா, ஒழுங்கா ஒரு பதிலச் சொல்லு." தெருவரைக்கும் கேட்டிருக்கும். காதுக்கு என்ன இதம்.

மார்ச் 22

செருகிவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அத்தனையும் கரைந்து வழிந்துவிட்டது.

மார்ச் 23

தண்ணீரில் பிழைப்பு நடத்துகிறவள் நான். மை கரையுமே என்று ஏன் தோன்றவில்லை? எங்கே தோன்றும் — புத்தி முழுக்க இவரை அந்த நாற்காலியிலிருந்து கிளப்புவதில் இருந்தது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "முதல் நாளே நீ லேசரத்தான் தடவித் தடவிப் பாத்தியாமே. தினமும் ஓட்டணும்னும் உன்கிட்ட சொன்னாராமே."

நான் கரைந்த லேபிள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என்னையும் வியாபாரம் பண்ணிட்ட." வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 24

வரவில்லை. ஆர்டர் போனால் இன்னொன்று பிடிப்பேன். இவரை எங்கே போய்ப் பிடிப்பது?

மார்ச் 25

காலையில் வந்தார், மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். முடிந்தது கதை என்று மண்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் வேறொரு பெட்டியோடு இறங்கினார். மாற்றி லேசர் வாங்கி வந்திருக்கிறார். மேல்காசு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நான் போயிருந்தால் அதற்குமேல்தான் கொடுத்திருப்பேன்.

"இந்த பிளாஸ்டிக் தாள் லேசருக்குன்னே விக்கறாங்க." ஒன்றை அடித்து, பூவாளியை எடுத்து அவரே ஊற்றினார். எழுத்து அசையவில்லை.

"இத தினமும் ஓட்ட வேண்டியதில்ல," என்றார், என் முகத்தைப் பார்த்தபடி. "சும்மா கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"ஆமா" என்றேன்.

மார்ச் 30

ஹோட்டலுக்குச் செடிகள் போயின. மேலாளர் லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏப்ரல் 3

அச்சடிக்க ஒன்றுமில்லை. மெஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. நான் போவதற்குள் இவர் அங்கே ஓர் அம்மாவுக்குச் செடி விற்றுக்கொண்டிருந்தார். "தினமும் ஊத்தாதீங்க, வேர் அழுகிடும். தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க." குரல் வாசலுக்கே வந்தது.

விலையை மட்டும் ரொம்பக் குறைத்துச் சொல்லிவிட்டார். காதில் விழாத மாதிரி பின்பக்கம் போய் மண் கலக்க ஆரம்பித்தேன்.