சனிக்கிழமை கல்லடுப்பு மூட்டுமுன் என் வீட்டுக்கடியில் உள்ள ஜப்பானியர் குண்டுகளை அகற்ற வேண்டி

அனுப்புநர்:
டோர்காஸ் பாரிகா,
க/பெ. நெல்சன் பாரிகா,
வூராநிம்பா கிராமம், ங்கேலா தீவு,
சாலமன் தீவுகள்.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
காவல்துறை வெடிபொருள் அகற்றும் பிரிவு,
ஹோனியாரா.

பொருள்: உலகப் போரில் ஜப்பானியர் விட்டுச்சென்ற குண்டுகள் குடியிருக்கும் வீட்டின் அடியில் அடுக்கப்பட்டிருப்பது – திருவிழாச் சமையலுக்கு முன் அகற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

1. நான் மேற்கண்ட முகவரியில் நான்கு வயது மகனோடும் ஐந்து மாதப் பெண் குழந்தையோடும் வசித்து வருகிறேன். கணவர் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் வேலை செய்கிறார், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். நான் சூவாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவள். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத பெண்ணின் வீண் பயம் என்று இம்மனுவைத் தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

2. எங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள ஓடையில்தான், இந்தக் கடல்வழியைக் காக்க ஜப்பானியர் பீரங்கி வைத்திருந்தார்கள். தீவை மீட்க அமெரிக்கர்கள் கரையேறியபோது எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு மலைக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து அந்தக் குண்டுகள் எங்களோடுதான் இருக்கின்றன. எங்கள் கோயில் மணியே ஒரு குண்டின் வெற்று உறைதான். ஆகவே இங்கே யாருக்கும் அவற்றைக் கண்டு பயமில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

3. என் கணவரின் அண்ணன் அந்த ஓடையைத் தோண்டிக் குண்டுகளை எடுத்து, அறுத்து, உள்ளிருக்கும் மருந்தைக் கொண்டு மீனுக்கு வெடி போடுகிறார். எங்கள் வழக்கப்படி நான் அவரோடு நேரில் பேசக் கூடாது. அவர் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. எழுதக் கூடாதென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் பெயர் எட்மண்ட் பாரிகா. கெட்ட மனிதர் அல்ல. நான் குடியிருக்கும் வீட்டைக் கட்டித் தந்தவர் அவர். என் மகனுக்கு மலேரியா வந்தபோது, கடல் கொந்தளிப்பிலும் படகு வலித்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவரும் அவரே. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. யாராவது கேட்டால், "மீனு வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்கு, திருப்பித் தரும்" என்பார். ஊரே சிரிக்கும்.

4. சென்ற மாதம் பதினொரு குண்டுகளைப் பாயில் சுற்றி என் வீட்டுக்கு அடியில் அடுக்கினார். எங்கள் வீடுகள் கால்கள் மேல் நிற்பவை. குண்டுகளுக்கு நேர் மேலே என் பிள்ளைகள் படுக்கிறார்கள். எடுக்கச் சொல்லி மாமியார் மூலம் கேட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, எனக்குக் கேட்கும்படி அவர் பதில் சொன்னார்: "எங்க வீட்டுக்கடியில பன்னி படுத்துக் கெடக்கும்மா. அது முட்டி வெடிச்சா யாரு பொறுப்பு? அங்க எடம் சும்மாத்தானே கெடக்கு." மாமியார் என் பக்கம் திரும்பி, "அம்மாம் பெரிய சண்டையிலயே வெடிக்காதது, ஒம் மவன் மேல ஓடுனாலா வெடிக்கப் போவுது? பேசாமப் போய்ப் பாலு குடு" என்றார்.

5. கடந்த ஞாயிறு என் மகன் ஜோயலின் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக இருந்தன. சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், போகவில்லை. "பெரியப்பா மஞ்சப்பொடி காய வச்சிருக்காரும்மா. நான் ஆமை வரைஞ்சேன்" என்றான். வீட்டுத் தூணில் உண்மையாகவே ஓர் ஆமை இருந்தது. ஐயா, அந்த மஞ்சள் குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்து என்று எனக்குத் தெரியும். இரும்போடு ஒட்டிக் கிடக்கக் கிடக்க அதன் குணம் மோசமாகிக்கொண்டே போகும். ஓர் இடி, ஓர் உரசல் போதும். நெருப்பு பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

6. நெருப்பு சனிக்கிழமை வருகிறது. அன்று எங்கள் கோயில் திருவிழா, ஆயர் வருகிறார். ஊருக்கெல்லாம் சமைக்கும் கல்லடுப்பு, தொன்றுதொட்டு என் வீட்டை ஒட்டிய வெளியில்தான் மூட்டப்படுகிறது. காலை முழுவதும் கற்கள் நெருப்பில் காயும், அந்தச் சூட்டில்தான் எல்லாம் வேகும். இந்த ஒரு தடவை கரைப்பக்கம் மூட்டலாமே என்று பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். என் ஓரகத்தி மேவிஸ், "சூவாவுல படிச்சவளுக்குப் பொகை ஆகாதாம்டி. ஆயரை வேணா கடல்ல நின்னு சாப்பிடச் சொல்லுவமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது? நானே தூக்கிக் கடலில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் வீட்டுக்கடியில் குனிந்தேன். கை வைத்தேன். தூக்கவில்லை.

7. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் ஆட்களைப் படகில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓடையைப் பார்வையிட வந்ததாகச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். மூத்தாரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவள் என்று பெயர் வந்தால், என் தகப்பன் வீட்டார் பன்றிகளும் சங்குமணிப் பணமும் அபராதமாகக் கொண்டுவந்து தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அவரைப் பிடிப்பதும் விடுவதும் சட்டத்தின் வேலை. அதில் நான் ஒன்றும் கேட்கவில்லை. என் தரைக்கு அடியில் இருப்பதைப் பற்றி மட்டுமே கேட்கிறேன். வருபவர்கள் எதையும் உருட்டக் கூடாது. கடல் பக்கத்திலிருந்து மூன்றாவது குண்டு பாதி அறுத்த நிலையில் இருக்கிறது.

8. தடுப்பூசி போட வந்த நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது தங்கள் மேசைக்கு எப்போது வந்து சேருமோ தெரியாது. கற்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். சனிக்கிழமை விடியும்வரை தங்கள் படகு வராவிட்டால், பிள்ளைகளை ஊரின் மறுமுனையில் விட்டுவிட்டு, நான் போய் அந்தக் கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிடுவேன். பெண் உட்கார்ந்த கல்லில் எங்கள் ஊரில் யாரும் சமைக்க மாட்டார்கள். அதற்கு இங்கே மன்னிப்பும் கிடையாது. அதன் பிறகு இந்த ஊரில் எனக்கு வீடும் இருக்காது. ஆனாலும் அன்று அங்கே நெருப்பு எரியாது. அந்த நிலைக்கு என்னை விட்டுவிடாமல் முன்னதாக வாருங்கள் ஐயா.

இடம்: வூராநிம்பா
நாள்: 6 நவம்பர் 2018, செவ்வாய்

தங்கள் படகை எதிர்பார்த்திருக்கும்,
டோர்காஸ் பாரிகா
(கையொப்பம்)