பாதியில் நிற்கும் டிசால்வ்

ஓர்ஹூஸ், 
மே 16, 1977

அன்பு மகள் கிர்ஸ்டீனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், ஆனால் இப்போதைக்குத் தனித்தனி வீட்டில் நலம். விலாசம் மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே, உன் எலினோர் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் கோலூன்றித்தான் நடக்கிறாள், வாய் மட்டும் கோல் இல்லாமலே ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? பெர்த்தில் வெயில் இறங்கிவிட்டதா? போன மூன்று மாதம் நான் கடிதம் போடாததற்குக் காரணம் தபால்காரர் இல்லை, என் கோபம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கப்பலேறின அன்று துறையில் அப்பா உன்னைப் படமெடுத்தது நினைவிருக்கும். நீ படியேறிப் போகப்போக, கேமராவின் பக்கத்திலிருக்கும் சின்ன லீவரை மெல்ல மூடினார், நாலு விநாடியில் உன் முதுகு இருட்டில் கரைந்தது. லீவரைத் திறக்காமலே ஃபிலிமை அதே நாலு விநாடி பின்னுக்குச் சுற்றி வைத்தார். நீ திரும்பி வந்து படியிறங்கும்போது லீவரைத் திறந்துகொண்டே எடுத்தால், போகிறவள் மேல் வருகிறவள் படிந்து தெரிவாளாம், அதுதான் டிசால்வ். சினிமா சங்கத்தில் அவருக்கு வெள்ளிக் கோப்பை வாங்கித் தந்த வித்தை அல்லவா. நீ ஒரு வருஷம் என்று சொல்லிப் போனாய், நாலு வருஷமாகிறது. நடுவில் வேறு எதை எடுத்தாலும் அது உன் முதுகின் மேல் பதிந்துவிடும், ஃபிலிமைக் கழற்றினால் அந்த இடம் தப்பிப்போகும் என்று கேமராவை அலமாரி மேல் ஏற்றி 'தொடாதே' என்று சீட்டு ஒட்டிவிட்டார்.

உன் சித்தப்பா மகன் போலுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்று கொடி ஏற்றி, புதுக் கோட்டு மாட்டி மொத்தக் குடும்பமும் கோயில் வாசலில் நிற்கிறது, இவர் வெறுங்கையோடு வந்தார். "அண்ணே, பையனுக்கு வாழ்க்கையில ஒரு தடவ வர்ற நாளு. உங்க பொண்ணு எப்ப வேணா வருவா" என்று சித்தப்பா கெஞ்சினதற்கு, "எப்ப வேணா வருவா, அதனாலதான் தொடமாட்டேங்கறேன்" என்றார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கேமரா மட்டுமா அடைந்து கிடந்தது, நாங்களும்தான். நம் தீவைவிட்டு ஒரு நாள் வெளியே போகலாம் என்றால், "நாம இல்லாத நேரத்துல அவ வந்து நின்னா?" என்பார். எலினோரின் எழுபதாவது பிறந்தநாளுக்குக்கூடப் போகாமல் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் கடல், கடலுக்கு நடுவே வீடு, வீட்டுக்குள்ளே நான். மூச்சு முட்டியது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. "நான் மனுஷியா, இல்ல அப்பா படத்தோட மிச்சப் பாதியாம்மா? எனக்கு இங்க வீடு இருக்கு, வேலை இருக்கு. கடிதத்துக்குக் கடிதம் கயிறு கட்டி இழுக்காதீங்க" என்று எழுதியிருந்தாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லி அதை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

மார்ச்சில் எலினோருக்கு ஆபரேஷன் என்றதும் யாரையும் கேட்காமல் பெட்டியைக் கட்டினேன். "திரும்பி வரும்போது என்னை எடுத்து அந்தப் படத்தை முடிச்சுத் தொலைங்க, ஃபிலிம் கெட்டுப்போயிடும்" என்றேன். "நீ அவ இல்லையே" என்றார். "அவ இல்லதான், நாலு வருஷமா கூடவே இருக்கறவ" என்றேன். பத்து நாள் கழித்துக் கப்பல் கரை சேர்ந்தபோது துறையில் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறார்! எலினோரின் உதட்டுச் சாயம் பூசியிருந்தேன், சிரிக்காதே.

கழுவக் கொடுத்த ஃபிலிம் ஈஸ்டருக்குப் பிறகு வந்தது. பக்கத்து வீட்டுத் தோர்கில் தெரியுமே, சங்கத்தில் அப்பாவுக்கு அடுத்த இடத்திலேயே இருந்து கிழவரானவர், அவரையும் கூப்பிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போட்டோம். நீ படியேறினாய், கரைந்தாய். பிறகு கறுப்பு. சுருள் முடியும்வரை கறுப்புதான். லீவரைத் திறக்கவே இல்லை! மூடியிருந்தாலும் பார்க்கும் துளையில் எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். "கோப்பை வாங்குன கை லீவரத் தொறக்க மறந்துடுச்சே அண்ணே" என்று தோர்கில் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஃபிலிம் வால் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருக்க, "இவ எறங்கி வர்றதையே பாத்துட்டு நின்னேன், கை மறந்துபோச்சு" என்றார். காப்பி போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். படம் போனால் போகிறது, எல்லோருக்கும் விடுதலை என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை, பெரியம்மாவுக்குத் துணையாக மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மறுபடி புறப்பட்டேன். பாதிப் படியில் என்னவோ போலிருக்கத் திரும்பிப் பார்த்தால், அப்பா கேமராவோடு நிற்கிறார், விரல் லீவரை மூடிக்கொண்டிருக்கிறது. "இந்தத் தடவ மறக்கமாட்டேன், சீக்கிரம் வந்துடு!" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் போன் வருகிறது, எந்தக் கப்பல், எந்தப் பக்கத்துப் படி, வெயில் நாளாகப் பார்த்து வா என்று. கேமரா பழையபடி அலமாரி மேல் ஏறிவிட்டதாம். ஸ்ட்ராபெரி பழுக்கும்வரை இருந்துவிட்டுப் போயேன் என்கிறாள் எலினோர். ஆசையாகத்தான் இருக்கிறது, சரி என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. போட்ட கோட்டைக்கூட ஆணியில் மாட்டாமல் நாற்காலி முதுகில் வைத்திருக்கிறேன்.

இப்போதுதான் உன் கடிதம் புரிகிறது, கண்ணு. அந்தக் கயிற்றை அவர் மட்டும் கட்டவில்லை, எடுத்து உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். என்னை மன்னித்துவிடு. வராதே என்று சொல்லவில்லை, ஆசைப்பட்டால் வா. படத்துக்காக வராதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்பளிப் போர்வையை வெயிலில் உதறிப் போடு. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'அப்பாவின் கேமரா காத்திருக்கிறது' என்று ஒரு வரி எழுதுவேனே, இந்த முறை எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன். எலினோர் திட்டத் திட்ட, ஞாயிற்றுக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் என்று வந்தவள் பத்து நாள்கூட இருக்க முடியவில்லை. நாலு வருஷம் நீ எப்படித்தான் தாக்குப்பிடித்தாயோ.

உன் அம்மா,
இங்கெபோர்