துண்டுக்கு அடியில் விற்ற புளி விலை

அனுப்புநர்:
கோ. தெய்வசிகாமணி, விவசாயி,
வடக்குத் தெரு, சங்கராபுரம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: புளித் தரகர் ஆதிமூலம் விலை ஏறும் என்ற உண்மையைச் சொல்லி என்னை நஷ்டப்படுத்தியது – விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சங்கராபுரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் காலை வேளைகளில் தரகர் ஆதிமூலம் உட்கார்ந்திருப்பார். புளி விலை ஏறுமா இறங்குமா என்பது அவருக்கு முன்பே தெரியும் என்று ஊரில் பேச்சு. ஐந்து ரூபாய் கொடுத்தால், மாட்டுச் சந்தையில் செய்வது போலத் துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் நம் விரலைப் பிடித்துச் சொல்வார். கட்டை விரல் என்றால் வாங்கலாம், சுண்டு விரல் என்றால் விற்கலாம். சென்ற மாதம் என் கட்டை விரலை வலிக்கும் அளவுக்குப் பிடித்தார். பிடி எவ்வளவு இறுக்கமோ விலையும் அவ்வளவு ஏறும் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

2. துண்டுக்கு அடியில் சொன்னதால் எனக்கு மட்டும்தான் சொன்னார் என்று நம்பினேன். யாரிடமும் மூச்சு விடாமல், நெல் விற்ற பணத்தில் வெள்ளிமலைப் புளி நாற்பது மூட்டை வாங்கி வீட்டில் அடுக்கினேன். அன்று டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கட்டை விரல் வலித்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

3. அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அதுதான் என் புகாரே. இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். மலையிலிருந்து ஒரு லாரியும் இறங்காததால் கள்ளக்குறிச்சி சந்தையில் புளி விலை ஏறியது. ஆனால் என் புளி போக வேண்டிய சாலையிலும் மரம்தான் கிடந்தது. அதுவும் புளியமரம். வழி திறந்த அன்று, கட்டை விரல் வலித்த அனைவரும் ஒரே நேரத்தில் மூட்டையோடு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். விலை விழுந்துவிட்டது. வாங்க ஆளின்றி மூட்டைகளைத் திருப்பி ஏற்றி வந்தேன். 

4. இவ்வளவு தெரிந்தவர் தானே வாங்கி லாபம் பார்க்காமல் ஐந்து ரூபாய்க்கு ஏன் விற்கிறார் என்று அவரிடமே கேட்டேன். “நான் ஒருத்தன் பொழச்சா போதுமாங்க? நாலு பேரு நல்லா இருக்கட்டும்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பாதி வழியில்தான், நாங்கள் எல்லோரும் புளி வாங்கியது அவருடைய மைத்துனர் பொன்னுரங்கத்தின் குடோனில் என்பது உறைத்தது.

5. இப்போது வீட்டில் படுக்க இடமில்லை. மழை ஈரத்தில் மூட்டைகள் கசிகின்றன. பித்தளைப் பாத்திரங்கள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. என் மனைவி தைலம்மாள், “புளியோடவே குடும்பம் நடத்திக்கினு இருங்க. அது வூட்ட வுட்டுப் போன அன்னிக்கு நான் வரேன்” என்று சொல்லிவிட்டுக் களமருதூரில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் புளியம்பழமும் ஓடும் போல ஆகிவிட்டோம். ஐயா, எனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும். அதைக்கூடத் தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை.

6. ஆகவே, மேற்படி நாற்பது மூட்டைகளையும் வந்த விலைக்கே சத்துணவு மையங்களுக்கு எடுத்துக்கொள்ள ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். மேலும் ஆதிமூலத்தை வரவழைத்து, விலை தெரிந்த மனிதர் அதை ஏன் விற்கிறார் என்ற உண்மைக் காரணத்தை விசாரித்து எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

7. அந்தக் காரணத்தைத் தபாலில் அனுப்பவோ அறிவிப்புப் பலகையில் ஒட்டவோ வேண்டாம். அதைச் சொல்வதாகத் தெருவில் சிலரிடம் ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கிவிட்டேன். களமருதூர் போய்வர பஸ் செலவுக்குத்தான். நானே நேரில் வருகிறேன். துண்டும் நானே கொண்டுவருகிறேன்.

இடம்: சங்கராபுரம்
நாள்: 12.10.1987

தங்கள் உத்தரவையும் தைலம்மாளையும் எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) கோ. தெய்வசிகாமணி