கதவோரம் ஒரு கோடு

லண்டன்
14.3.1977

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி பத்துமலை வணக்கத்தோடு எழுதுவது. குளிர் இன்னும் விடவில்லை, உடம்பு தாங்குகிறது. தாதிப் பயிற்சியில் இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டேன்.

வேலை இல்லாத மாலைகளில் ஓவிய வகுப்புக்குப் போவதாகச் சொன்னேன் அல்லவா? அங்கே என் முதல் பெரிய படம் முடிந்தது. போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்தான். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்து ஓய்ந்து, பனி தரையை விட்டு எழும்பாத நேரம். பின்னால் பால்மரங்கள், கிணறு. பக்கத்து வீட்டு உடையப்பன் அண்ணன் ரப்பர் ஸ்டோர் வேலைக்குக் கிளம்பும் முன் படியில் உட்கார்ந்து சைக்கிள் டியூப் ஒட்டுகிறார். நம் வீட்டுக் கதவோரம் கறுப்பாக, மெலிசாக நிற்பது யார் தெரிகிறதா? நீதான் அக்கா. அம்மா போன பிறகு அந்த வீட்டில் வேறு யாரை நான் வரைவேன்?

உன் தம்பி
பத்துமலை


கல்லுமலைத் தோட்டம், சுங்கை சிப்புட்
5.4.1977

அன்புத் தம்பி பத்துமலைக்கு,

அக்கா வீரம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. படம் வந்தது, லயமே என் வீட்டில் கூடிவிட்டது. உடையப்பன் அண்ணன் போட்டோவைக் கையை விட்டு இறக்கவில்லை. "என்னா இருந்தாலும் பத்துமல என் சைக்கிள மறக்கல பாருலா" என்று ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் மனைவி இருளாயி அக்காவுக்குக் கோபம். "இவருக்கு மட்டும் படம், ஆக்கிப் போடுற எனக்கு ஒன்னும் இல்லியா?" என்று சண்டைக்கு நிற்கிறாள்.

என்னை இவ்வளவு மெலிசாகவா வரைவாய்? நான் இப்போது கதவில் நுழையவே பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது. ஊசி போடப் படிக்கப் போனவன் தூரிகை பிடிக்கிறாய். எதையாவது ஒழுங்காக முடித்துவிட்டு ஊர் வந்து சேர். எனக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அக்கா வீரம்மா


லண்டன்
9.10.1977

அன்பு அக்காவுக்கு,

வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, "கதை சொல்கிறாய். கதை வேண்டாம். எதை எடுத்தாலும் படம் நிற்குமோ அதை எடுத்துவிடு" என்றார். இங்கே இப்போது அப்படித்தான் வரைகிறார்கள். ஒரு கூடத்தில் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பலகை. அதன் முன்னால் ஜனம் சாமி கும்பிடுவதுபோல நிற்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் நின்றேன். அதில் ஒன்றுமே இல்லை அக்கா, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. எதைப்போலவும் நடிக்காமல் அது அதுவாகவே இருந்தது.

அதனால் போன வியாழக்கிழமை உடையப்பன் அண்ணன் மேல் வெள்ளை பூசி மூடிவிட்டேன். அவரிடம் சொல்லாதே, வருத்தப்படுவார். ஆனால் படம் அப்போதுதான் மூச்சு விட்டது.

பத்துமலை


கல்லுமலைத் தோட்டம்
28.10.1977

அன்புத் தம்பிக்கு,

உடையப்பன் அண்ணனைக் காணவில்லை. டியூப் வாங்க டவுனுக்குப் போனவர் வரவில்லை. சைக்கிள் சீனத் தவுக்கே கடை வாசலில் பூட்டியபடி நிற்கிறது. நீ வெள்ளை பூசினதாக எழுதிய அதே வியாழக்கிழமை.

அதைவிடப் பயந்தது நேற்றுத்தான். இருளாயி அக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். "அண்ணே வந்துருவாரு, மனச விட்டுராதீங்க" என்றேன். என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எந்த அண்ணே வீரம்மா? நான்தான் கல்யாணமே கட்டாத தனிக்கட்டையாச்சே" என்கிறாள். அழவில்லை. அடுப்பில் ஒருத்திக்கு மட்டும் சோறு கொதிக்கிறது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்கிறார். இருக்கலாம்.

நீ அவரைத் திரும்ப வரைந்துவிடு தம்பி. சிரிக்காதே.

அக்கா


லண்டன்
20.2.1979

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்டதற்காக உடையப்பன் அண்ணனை வரைய எத்தனையோ முறை உட்கார்ந்தேன். முகம் வரவில்லை. ஊரை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன அல்லவா, அதனால் இருக்கும். வீணாகப் பயப்படாதே.

படம் நிறைய மாறிவிட்டது. கிணறு போனது. மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். போன மாதம் லயத்தையும் மூடினேன். இப்போது வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. கதவு இல்லை, கதவோரத்தில் நீ மட்டும் இருக்கிறாய்.

பத்துமலை


சுங்கை சிப்புட்
11.4.1979

அன்புத் தம்பிக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கிணற்றை மூடினார்கள், மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், கடைசியில் லயத்துத் தகரத்தையும் பிரித்தார்கள். எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான் என்று நானும் தேற்றிக்கொண்டேன். ஆனால் கூட வேலை செய்த பெண்களிடம் நம் கிணற்றடியைப் பற்றிப் பேசினால், "எந்தக் கெணறுக்கா? நமக்குக் கொழாத்தண்ணிதானேலா" என்கிறார்கள்.

டவுனில் ஓர் அறை பிடித்திருக்கிறேன். அடுப்புக்கு ஆகுமே என்று நம் வீட்டு நிலைக்கால் ஒன்றைத் தூக்கிவந்தேன். சின்ன வயதில் நீ சாய்ந்து சாய்ந்து உன் தலையெண்ணெய் படிந்த கறுப்பு அதில் அப்படியே இருக்கிறது. எரிக்க மனம் வரவில்லை, மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன்.

நான் சாவுக்குப் பயப்படவில்லை. "எந்த அக்கா?" என்று நீ ஒருநாள் கேட்டுவிடுவாயோ என்றுதான் பயம். அந்தக் கோட்டைத் தொடாதே.

அக்கா வீரம்மா


லண்டன்
2.6.1980

அன்பு அக்காவுக்கு,

ஒரு வருடமாகப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். இப்போது ஓர் ஓவியக் கூடம் என்னைக் கண்காட்சிக்குக் கூப்பிடுகிறது. ஆனால் அந்தக் கோடு இன்னும் ஓர் ஆள் மாதிரித் தெரிகிறதாம். அதுவும் போய்விட்டால் எடுத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் வேண்டாமாம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். நோயாளிக்குப் பாத்திரம் கழுவியே காலம் போகட்டும். ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கோடு போனால்தான் படம் முடியும். அது எனக்கும் தெரிகிறது, தூக்கம் வரவில்லை.

பத்துமலை


சுங்கை சிப்புட்
30.6.1980

கண்ணான தம்பிக்கு,

பூசிவிடு. நான் என்ன அந்தக் கோட்டிலா உயிரை முடிந்து வைத்திருக்கிறேன்? இருளாயிக்குப் புத்தி பிசகியது. தோட்டத்தை விற்றது கம்பெனி. ஒற்றைப் பொம்பளை அறையில் உட்கார்ந்து கண்டதையும் யோசித்தால் இப்படித்தான் தோன்றும். காளியம்மன் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை வைத்தேன், மனசு தெளிந்துவிட்டது.

என்னால் நீ நின்றுபோக வேண்டாம். பூசு, பேர் எடு, ஒரு தடவை ஊருக்கு வா. மீன்குழம்பு வைத்துத் தருகிறேன்.

அக்கா


லண்டன்
21.7.1980

அன்பு அக்காவுக்கு,

நேற்றுக் காலை பூசிவிட்டேன். இப்போது முழுக்க வெள்ளை. இவ்வளவு அமைதியான ஒன்றை என் கையால் செய்தேன் என்று நம்பவே முடியவில்லை.

கண்டவுடன் பதில் போடு. "நல்லா இருக்கேன்லா" என்று எழுதினால் போதும், நம் இருவர் கிறுக்கையும் நினைத்துச் சிரித்துக்கொள்வேன். டிசம்பரில் கட்டாயம் வருகிறேன்.

இன்று வேடிக்கை கேள். மூன்று வருடமாக என்னோடு வேலை செய்யும் வார்டு சிஸ்டர் என்னைப் பார்த்து, "யாரைத் தேடி வந்தீர்கள்?" என்று கேட்கிறாள். தமாஷ் செய்கிறாள் போலிருக்கிறது.

பத்துமலை


சுங்கை சிப்புட்
12.1.1981

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

முன்பு போட்ட கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. டிசம்பரிலும் வரவில்லை. அந்தக் கடிதங்களில் எழுதியதையே இதிலும் எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் அந்த முதல் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். பெரட்டு மணி ஓய்ந்து, பனி எழும்பாத நேரம் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் நான் எந்த நாள் வீட்டில் இருந்தேன்? மணி அடிக்கும் முன்பே பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாகக் கிளம்பிவிடுவேனே. கதவோரம் நின்றது நீ. பெரட்டுக் களத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கறுப்பாக, மெலிசாக, அந்த நிலைக்காலில் சாய்ந்து நிற்பாய். உன்னை நீயே பார்த்ததில்லை, அதனால் அது நான் என்று நினைத்துவிட்டாய். பார்த்தவள் நான். நானாவது சொல்லியிருக்க வேண்டும். மெலிசாக இருக்கிறது என்று கேலி பேசிவிட்டு, பூசு என்று என் கையாலேயே எழுதிவிட்டேன்.

இங்கே தபால்காரர் பெரியநாயகம், "யாருக்குக்கா லெட்டரு?" என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். "ஒங்களுக்கு ஏதுக்கா தம்பி?" என்றார். உன் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்கு வந்து நிலைக்காலைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு இல்லை. புதுப் பலகைபோல இருக்கிறது.

உன் பெயரைப் பழைய கடிதத்தைப் பார்த்துத்தான் உறையில் எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கோலாலம்பூர்ப் பக்கத்து மலைக்கோயிலின் பெயராகத்தான் காதில் விழுகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு தம்பி இருந்தான். கதவோரம் நிற்பான், நான் வரும்வரை சோறு தொடமாட்டான். இவ்வளவும் இன்றைக்குத் தெரிகிறது, தெரியும்போதே எழுதிவிட்டேன். தூரிகையை எடுத்து அந்த வெள்ளையில் ஒரு கோடு போடு சாமி. எவ்வளவு மெலிசாக இருந்தாலும் சரி, இனிமேல் அக்கா கேலி பேசமாட்டேன்.

அக்கா வீரம்மா